எழாதே

ஹுவான் பள்ளத்தாக்கில் விறகு பிளந்துகொண்டிருந்தவனை
நகத்தளவு கறுப்பு எறும்பொன்று கொட்டியது.
துள்ளி வந்து கொட்டும் சாதி அது,
டாஸ்மேனியாவில் குழந்தைக்கும் தெரியும்.

பதினாறு நிமிட மண்பாதை.
வார நாட்களில் பேக்கரியில் மாவு பிசைகிறவள் நான்,
சனி ஞாயிறு ஆம்புலன்ஸ்.

தடிப்பில்லை. அரிப்பில்லை.
அதனால்தான் மெரில்
கணவனுக்கு ஓர் ஒவ்வாமை மாத்திரையைக் கொடுத்துவிட்டுக்
கெட்டிலை அடுப்பில் ஏற்றியிருந்தாள்.
ஒருமுறை வாந்தி எடுத்தானாம்.
குரல் கரகரத்திருந்தது.
மணிக்கட்டில் நாடியைத் தேடினேன்;
கிடைத்தது, நூலளவு.

"நான் சாகப்போறேன்" என்றான் டெஸ்மண்ட்,
மழை வரும் என்பதுபோல.
ஆறுதல் சொல்ல வாய் திறந்தேன்,
மூடிக்கொண்டேன்.
பயிற்சிக் கையேட்டில் அதுவும் ஓர் அறிகுறி.

தொடையின் வெளிப்பக்கம், நடுவில்,
சேறு காய்ந்த கால்சட்டைக்கு மேலேயே
அட்ரினலின்.
கால்களைத் தூக்கி
அவன் பிளந்த கட்டைகள்மேலேயே வைத்தோம்.

அப்போதுதான் வெட்கப்பட்டான்:
கழிப்பறைக்குப் போகணும்,
பத்தடிதான், நடந்துடுவேன்.

போன வருஷம் ஒருவர் பத்தடி நடந்தார்.
அவர் பெயரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இரு கையாலும் தோளை அழுத்தினேன்.
"படுத்தபடியே போ. நான் துவைச்சுத் தர்றேன்."

ஐந்து நிமிடம்.
இரண்டாவது ஊசி.
காது மடலில் மெல்லச் சிவப்பு.
உள்ளே கெட்டில் கூவிக்கொண்டே இருந்தது,
அணைக்க யாருமில்லை.

ஹோபார்ட்டில் ராத்திரி முழுக்க வைத்திருந்தார்கள்:
அடங்கியது மறுபடி எழலாமாம்.

வியாழனன்று பேக்கரி வாசலில்
ஒரு லோடு விறகு இறங்கியது.
மேலே செருகிய சீட்டில்,
"கால்சட்டையை நானே துவைத்துவிட்டேன்."