ஆவிக் கணக்கு

சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையைத் தாண்டி
டிரெய்லர்கள் மண்ணைக் குழைத்துப் போட்ட தெருவில்
எங்கள் கிடங்கு.
கதவுக்கு இரண்டு பூட்டு.
ஒன்று கம்பெனியுடையது, மற்றது சர்க்காருடையது.
இரண்டு சாவியும் ஒன்றாக வந்தால்தான்
வாய் திறக்கும்.

உள்ளே முன்னூற்றுப் பன்னிரண்டு பீப்பாய்கள்.
கப்பலில் வந்த ஓக் மரம்,
அதற்குள் இங்கே வடித்த பார்லிச் சாராயம்.
நான் பேரேடு எழுதுகிறவள். ஒரு சொட்டு குடித்ததில்லை.
ஆனால் வாசனையில் வயது சொல்வேன்.
முதல் வருஷம் நனைந்த பலகை.
இரண்டாம் வருஷம் கறுத்த வாழைப்பழத் தோல்.
மூன்றாவதில்
மாதா கோயிலில் மெழுகுவத்தி அணைந்த நிமிஷம்.

ஸ்காட்லாந்திலிருந்து வந்த நிபுணர்
கழுத்து வேர்வையைத் துடைத்துத் துடைத்துச் சொன்னார்:
எங்கள் ஊரில் வருஷத்துக்கு நூற்றுக்கு இரண்டு
காற்றோடு போகும்; தேவதைகளின் பங்கு என்போம்.
இங்கே பதினொன்றா?
உங்கள் தேவதைகள் குடும்பத்தோடு வருகிறார்கள் போல.
"மணலிக் காத்துல பறக்கணும்ல சார்,
உள்ள எதுனா போட்டாத்தான் முடியும்"
என்றார் ஏசுபாதம்.
யாரும் அதை மொழிபெயர்க்கவில்லை.

போன ஒவ்வொரு லிட்டரும் என் கையெழுத்தில் இருக்கிறது.
என் பெயர் விண்ணரசி.
வானத்துக் கணக்கெழுதச் சரியான ஆள் என்று
கலால் அதிகாரி தணிகாசலம்
ஒவ்வொரு முறையும் சொல்வார்,
ஒவ்வொரு முறையும் இப்போதுதான் தோன்றியதுபோல.

பங்குனியில் அளவெடுப்பு.
மர அடைப்பைத் தட்டித் தளர்த்தி, கோலை இறக்கி,
ஈரம் ஏறிய கோட்டை டார்ச்சில் படித்து
ஏசுபாதம் கத்துவார், நான் எழுதுவேன்.
இருபத்திரண்டு குறைவு. இருபத்திநாலு. இருபத்திரண்டரை.
நூற்று நாற்பத்தேழில் குரல் நின்றது.
துடைத்தார். மறுபடி இறக்கினார். மறுபடி துடைத்தார்.
"பன்னெண்டு."

அதிகம் குறைந்தால் திருட்டு என்று எழுத
படிவத்தில் இடம் உண்டு.
போதுமான அளவு குறையாவிட்டால்
எழுத ஒரு கட்டம்கூட இல்லை.
தண்ணீர் கலந்திருப்பார்களோ?
தணிகாசலம் மானியை மிதக்கவிட்டுப் பார்த்தார்.
வீரியம் சரி. முத்திரை சரி.
மதியச் சாப்பாடு போச்சு.
மேற்குச் சுவரோரம், கீழ்வரிசையில், கடைசியில்
ஒன்றும் அறியாததுபோல் படுத்திருந்தது பீப்பாய்.

அப்போதுதான் சுவர் பேசியது.
"ஏய், என் குடம் முன்னாடி இருந்துச்சு!"

வெளியே ஓடினோம்.
கிடங்கின் முதுகில் மெட்ரோ வாட்டர் லாரி.
வால்வு ஒழுகி ஒழுகி, குடங்கள் ததும்பித் ததும்பி
சுவர் ஆள் உயரத்துக்கு நனைந்திருந்தது,
பாசி பிடித்து,
எருமை முதுகுபோல் குளிர்ந்து.
தணிகாசலம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.
எடுக்க மனம் வரவில்லை அவருக்கு.
"சார், லைன்ல வாங்க" என்றாள் தேசம்மாள்.

காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுத?
"லாரின்னு எழுதாதீங்க" என்றார் அவர்.
"மேல இருக்கவங்க படிச்சா
ஒண்ணு லாரியை நிறுத்துவாங்க,
இல்ல, தண்ணிய நம்ம சுவருக்கே ஊத்தச் சொல்வாங்க."
'இயற்கை' என்று எழுதி
இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

இன்றோடு நாலு நாள், லாரி வரவில்லை.
வெயிலில் குடங்கள் மட்டும் வரிசையில்,
ஏழாவது பச்சைக் குடம் என் வீட்டினுடையது.
நான் உள்ளே வந்து மேற்குச் சுவரைத் தொட்டேன்.
காய்ந்திருந்தது.

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வராத நாட்களை
எந்த ஆபீசும் குறித்து வைப்பதில்லை.
அடுத்த பங்குனியில்
ஏசுபாதம் கோலை இறக்கிச் சொல்லுவார்.