கொசுவம் வைத்த கொழுக்கட்டை

சிலிகுரியில் லோடு இறக்க ஆள் வரவில்லை.
காவேரிப்பட்டணத்து மாம்பழக் கூழ்
பீப்பாய் பீப்பாயாய்த் தார்ப்பாய்க்குள் தூங்க
இரண்டு நாள் சும்மா நின்றது வண்டி.

எதிரே தள்ளுவண்டியில் ஒருத்தி
அலுமினிய அடுக்கின் மூடியைத் தூக்கினாள்.
ஆவி என் கண்ணாடியை மூடிற்று.
துடைத்துப் பார்த்தால்
வட்டம் வட்டமாய்க் கொழுக்கட்டை.

"மோமோ" என்றாள்.
"கொழுக்கட்டை" என்றேன்.
"மோமோ" என்றாள்.
பசிக்கிறவன் பெயருக்கா சண்டை போடுவான்?
ஒரு தட்டு. இன்னொரு தட்டு.
மூன்றாவதில் அந்தச் சிவப்புச் சட்னி
காதுக்குள் ஏர் ஆரன் அடித்தது.

உள்ளே முட்டைக்கோசு, இஞ்சி, கோழி.
பிள்ளையாரிடம் இதைச் சொல்லக் கூடாது.

மறுநாள் அவளிடமே மடிக்கக் கற்றேன்.
தொப்பூர் இறக்கத்தில்
பன்னிரண்டு சக்கரத்தை அடக்குகிற கை
உள்ளங்கை அகல மாவிடம் தோற்றது.
நான் மடித்ததெல்லாம்
வாய் பிளந்து தூங்கும் கிளீனர் தீர்த்தகிரி மாதிரியே இருந்தது.
அவனே பார்த்துவிட்டுச் சொன்னான்:
"அண்ணா, இது அடிபட்ட வண்டி."

தேயிலை ஏற்றித் திரும்புகையில்
கரக்பூரில் பஞ்சர். அன்றைக்குப் பொங்கல்.
கடைக்காரன் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் வந்தது.
இரு முனையும் கூராய், வெள்ளையாய், சுடச்சுட.
பெயர் கேட்டேன். "புளி" என்றான்.
தர்மபுரிச் சந்தையில் புளி மூட்டை தூக்கி வளர்ந்தவன் நான்.
பல்லைக் கூசத் தயாராக்கிக்கொண்டு கடித்தால்
அரிசி மாவு, தேங்காய், ஈச்ச வெல்லம்.
ஆயிரத்தெண்ணூறு கிலோமீட்டர் தள்ளி
யாரோ ஒருத்தி
எங்கள் வீட்டுக் கொழுக்கட்டைக்குத்
தப்பான பெயர் வைத்திருக்கிறாள்.
ஐந்து தின்றேன். டயர் ஆறவே வேண்டாம் என்றிருந்தது.

ஊருக்கு வந்த ஞாயிறு
மல்லேஸ்வரியிடம் எல்லாம் சொன்னேன்.
மைதா வயிற்றுக்கு ஆகாது என்று
கேழ்வரகு மாவைப் பிசைந்தாள்.
கேழ்வரகு களிக்கு வரும், கூழுக்கு வரும்,
அடைக்கு வரும், முருங்கைக்கீரையோடு சேர்ந்து வரும்.
மடிப்புக்கு மட்டும் வராது.
சித்திரை வயல் மாதிரி வெடித்தது.

மகள் தன்யஸ்ரீ ஓடிப்போய்
கால் கிலோ மைதா வாங்கி வந்தாள்.
நான் சட்டைக் கையைச் சுருட்டி
ஆசிரியன் போல உட்கார்ந்தேன்.
ஒன்று மடித்துக் காட்டினேன்.
அது என்னைப் பார்த்து வாயைத் திறந்தது.

மல்லேஸ்வரி எதுவும் சொல்லவில்லை.
கல்யாணப் பெண்களின் பட்டுச்சேலைக்கு
முதல் நாளே மடிப்பு வைத்து
கிளிப் குத்தி, இஸ்திரி போட்டுப்
பெட்டியில் கொடுக்கிறவள்.
சேலைக்கு இருநூறு.
கட்டைவிரல் தள்ள, ஆள்காட்டி விரல் வாங்க
ஒன்று, இரண்டு, எட்டு, பதினாறு.
"கொசுவம்தானே" என்றாள்.

இட்லிப் பானையில்
பதினாறு மணப்பெண்கள் வெந்தார்கள்.

பாலக்கோட்டுத் தக்காளி
கிலோ எட்டு ரூபாய்க்கு விழுந்த வாரம்.
அதையும் வேர்க்கடலையையும்
காய்ந்த மிளகாயோடு அரைத்த சட்னி
சிலிகுரிக்காரியின் காதிலும் ஆரன் அடிக்கும்.
தன்யஸ்ரீ எண்ணித் தின்றாள்.
நான் எண்ணவில்லை, அதனால் எனக்கு அதிகம்.

வெடித்த கேழ்வரகு மாவு
சும்மா கிடக்குமா?
வெல்லம் கரைத்து ஊற்றிக் கடலை தூவி
ஒவ்வொரு பிடியாய் அழுத்தி வேகவைத்தாள்.
மடிப்பு இல்லை, பூரணம் இல்லை.
நாலு விரல் பதிந்த பள்ளம் மட்டும்.
விடிகாலை வண்டி எடுக்கும்போது
தூக்கில் போட்டுத் தந்தாள்:
"நெல்லூர் வரைக்கும் தாங்கும்."

கிருஷ்ணகிரி டோல்கேட்டில் ஒன்று.
என் விரல் அவள் விரல் பள்ளத்துக்குள்
சரியாக உட்காரவில்லை, என் விரல் தடி.
அதைச் சரிபார்க்க இன்னொன்று.
தீர்த்தகிரிக்கு இரண்டு, பாவம்.

பர்கூர் தாண்டியதும் போன் வந்தது.
"சாப்பிட்டாயா? மீதி இருக்கிறதா?"
தூக்கைத் திறந்து பார்த்தேன்.
"இருக்கிறது" என்றேன்,
அடியில் ஒட்டிய வெல்லத்தைச் சுரண்டியபடி.