மீதி நாற்பத்தொன்பது

அட்டவணைப்படி எனக்கு இன்னும் நாற்பத்தொன்பது வருஷம்.
வயது முப்பத்தொன்று, பெண், புகைப்பதில்லை.
உம்லாங்கா மேட்டில் ஏழாம் மாடிக் கண்ணாடிக்குப் பின்னால்
பகல் முழுக்க நான் செய்வது இதுதான்:
யார் எப்போது சாவார்கள் என்று
மரியாதையாகக் கணிப்பது.
கல்யாண வீட்டில் சொன்னால் உடனே நாற்காலி போடுகிறார்கள்.

இரவில், சாட்ஸ்வொர்த்தில், அப்பாவின் கராஜில்
களிமண் குரங்கு ஒன்றை
மயிரிழை அளவு நகர்த்துகிறேன்.
ஒரு படம். மறுபடி மயிரிழை. ஒரு படம்.
இருபத்து நான்கு முறை நகர்ந்தால்
அது ஒரு விநாடி உயிரோடு இருக்கும்.
இதைச் சொன்னால்
"பொழுதுபோகணுமே" என்கிறார்கள்.

ஒருநாள் கணக்குப் போட்டேன், தொழில்புத்தி.
இரவுக்கு ஒரு விநாடி.
காவடி, காய்ச்சல், மாதக்கடைசி, கரண்ட் போகும் நாள் கழித்து
வருஷத்துக்கு இருநூற்றைம்பது இரவு.
நாற்பத்தொன்பது வருஷத்துக்கு
மூன்று மணி இருபத்து நான்கு நிமிடம்.
இடைவேளை விட்டால்
ஒரே உட்காரலில் பார்த்துவிடலாம் என்னை.

கேப்டவுனிலிருந்து கடிதம் வந்தது.
ஒரு வருஷ வேலை, பாதிச் சம்பளம், நாள் முழுக்கக் களிமண்.
சண்டைக்குத் தயாராகத்தான் வீட்டுக்குள் போனேன்.
வசனம்கூட ஒத்திகை பார்த்திருந்தேன்.
சர்க்கரைக் கிடங்கில் முப்பத்தாறு வருஷம் எடை பார்த்த
கிஸ்டன் மூட்லி, என் அப்பா,
கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அங்கே குளிரும். நல்ல கம்பளியா வாங்கிக்கோ."
அம்மா கராஜை எட்டிப் பார்த்து
"குரங்குக்கு வாலு கட்டையா இருக்கே" என்றாள்.
மேலாளர் ஃபான் வைக் அம்மாள் இன்னும் மோசம்:
"போய் வா. உன் மேசையில் யாரையும் உட்காரவைக்கமாட்டேன்."

கதவை உடைக்கக் கோடாரியோடு போனவளுக்கு
எல்லாக் கதவும் திறந்தே கிடந்தன.
கோடாரியை எங்கே வைப்பது?
ஒரே ஒருவர் "கூடாது" என்றிருந்தால்
தோற்றாலும் அவர் பேரில் எழுதியிருப்பேன்.
இனி நஷ்டம் வந்தால்
இழப்பீட்டுப் படிவத்தில்
எல்லாக் கட்டத்திலும் என் பெயர்தான்.

பதில் தர நள்ளிரவுவரை கெடு.
பத்து மணிக்குக் கரண்ட் போயிற்று.
குரங்கின் கை பாதி தூக்கியபடி நின்றது.
வாழைப்பழத்தை எடுக்கப் போகிறதா
போய்வருகிறேன் என்கிறதா,
எனக்கே மறந்துவிட்டது.
கைபேசியில் ஒன்பது சதவீதம்.

முதலில் டார்ச் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்தேன்.
நிறம் சேராது, தெரியும்.
இருபத்து மூன்று மஞ்சளுக்கு நடுவே ஒரு நீலம்,
கண் சிமிட்டினால் தப்பிவிடும்.
அப்புறம் ஒரு சொல் எழுதினேன். அனுப்பினேன்.
திரை அணைந்தது.
போயிற்றா, போகவில்லையா,
இருட்டில் அதுவரை வேண்டிக்கொண்டது எதை என்று
உங்களிடம் சொல்வதாக இல்லை.

காலையில் மாதக்கடைசி. வேலைக்குத்தான் போனேன்.
சிவப்பு ரோபோவில் நிற்கையில்
யாரோ வீட்டு ரொட்டியைத் திருடிக்கொண்டு
ஒரு குரங்கு சாலையைக் கடந்தது.
நடுவில் நின்று, கையைப் பாதி தூக்கி,
என் காரை ஒருமுறை பார்த்தது.
பச்சை விழுந்தது. பின்னால் டாக்ஸிக்காரன்
ஹாரனில் என்னென்னவோ திட்டினான்.
நான் அசையவில்லை, அளந்துகொண்டிருந்தேன்.
அம்மா சொன்னது சரி.
வால் இன்னும் இரண்டு அங்குலம் வேண்டும்.