பார்வைத் தூரம்: பூஜ்யம்

மூழ்கல் பதிவேட்டில் ஏழாவது கட்டம்
பார்வைத் தூரம்.
பத்தொன்பது வருஷமாக அதில்
பூஜ்யம் போட்டு வருகிறேன்.
மும்பைத் துறைமுகத் தண்ணீர்
நேற்று ஆறிய டீ.
விளக்கு கொண்டுபோனால்
விளக்கைப் பார்க்கலாம்.

பவளம் பார்த்தீங்களா, பொன்னிருந்ததா என்று
ஆன்டாப் ஹில் கட்டிடத்துப் பிள்ளைகள் மறிப்பார்கள்.
நான் கப்பலையே பார்த்ததில்லை.
பதினொன்றில் ஏறியிருக்கிறேன்,
எல்லாம் மூழ்கிய பிறகு.
ஒன்றின் நிறம்கூடத் தெரியாது.

பாலத்துக் கால்களுக்கும் சிமென்ட் பூசியதுண்டு.
மெற்றில்டாவோடு பஸ்ஸில் அதைக் கடக்கையில்
"இதா நீங்க?" என்றாள்.
இது இல்லை,
இதற்குக் கீழே, இன்னும் கீழே.
அவள் எட்டிப் பார்த்தாள்.
டீ.

கைதான் முன்னால் போகும்.
உறையின் நடுவிரலை வெட்டி வைத்திருப்பேன்.
துரு பொருக்காய் உதிரும்.
பித்தளை வழுக்கும்.
சிப்பி கேட்காமல் அறுக்கும்.
துணி தட்டுப்பட்டால் மட்டும்
நின்று, மேலே சொல்லிவிட்டு,
அப்புறம்தான் அடுத்த விரல்.

போன மார்ச்சில் ஓர் இழுவைப் படகு,
சமுத்ரசேவக்.
கலங்கரை விளக்குக்குத் தெற்கே பதினாலு மீட்டரில்
இடப்பக்கமாய்ப் படுத்து ஐந்து மாசம்.
ஏழு பேரும் தப்பித்ததாகக் காகிதம் சொன்னது.
காகிதத்தை நம்பித்தான் இறங்குகிறோம்,
இருந்தாலும் துணி துணிதான்.

நீவாடு நிற்கும் இருபத்திரண்டு நிமிஷம்.
காதுக்குள் இக்பால் சோல்கர்:
மூச்சைக் குறை மச்சாடோ, காற்று உன் மாமனார் வீட்டுதா?
அணியத்திலிருந்து தடவிக்கொண்டு போனேன்.
சுவர் தரையாகிவிட்ட ஓர் அறை.
அடுப்பு தோளுயரத்தில் தொங்கியது.
அதன் கம்பிக்குள் சிக்கி உருண்டையாய் ஏதோ ஒன்று.
கைப்பிடி. மூடி.
மூடிமேல், ஆமாம்,
வெயிட்.

என்ன கிடைச்சுது என்றான் சோல்கர்.
குக்கர் என்றேன்.
மேலே கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

சுழலி எண்ணூற்று நாற்பது கிலோ,
சங்கிலி, நங்கூரம், வால்வு பதினாறு
என்று கேர்சி சேட் பட்டியல் எழுதினார்.
கடலடியில் கிடந்ததெல்லாம் காப்பீட்டுக்காரன் சொத்து.
குக்கரிடம் வந்ததும் பேனாவை உதறி
மை தீர்ந்துவிட்டது என்றார்.

மூன்றாம் நாள் மஸ்கானில் வந்து நின்றான்
படகின் சமையல்காரன், பிபின் ஜேனா, ஒடியாக்காரன்.
தண்ணீரைப் பற்றிக் கேட்டால் தோளைக் குலுக்கினான்.
நீந்தியதைச் சொல்லவில்லை,
இருட்டைச் சொல்லவில்லை.
பருப்பு வைத்தேன் என்றான்.
மூணு விசில் விடணும்.
ரெண்டு வந்தது.

சோல்கர் ஸ்பானரால் தட்டித் திறந்தான்.
பட்டப்பகல்.
எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.
நான் பழக்கத்தில்
கண்ணை மூடி விரலை விட்டேன்.
சேறு.
இத்தனை வருஷத்தில் அப்படியொரு சேற்றைத் தொட்டதில்லை,
ஒரு கட்டியில்லை, ஒரு மணலில்லை,
மத்தால் மசித்து வைத்ததுபோல.

வெந்துடுச்சு என்று சொல்ல வாயெடுத்தேன்.
எந்த மொழியில் சொல்வது?
அவன் அதற்குள் அதைக் குழாயடியில் கவிழ்த்திருந்தான்.
உள்ளங்கையால் தேய்த்தான்,
வெயிட் துளையில் வாய் வைத்து ஊதினான்,
காதோரம் ஆட்டிப் பார்த்தான்.
வாஷர் மட்டும் மாத்தணும் என்றான்.

வாசலில் காவலாளி சீட்டு கேட்டான்.
நான்தான் எழுதிக் கொடுத்தேன்.
பொருள்: குக்கர், ஒன்று.
நிலை என்ற கட்டத்தில் பேனா நின்றது.
பின்னால் சோல்கர் பொறுமையில்லாமல்,
பூஜ்யம்தானே, போடு.

ஒரு விசில் பாக்கி
என்று எழுதினேன்.
காவலாளி படிக்காமல் முத்திரை குத்தினான்.