பூ மட்டும்

முப்பத்தொரு வருடம் வின்னிபெக்கில் பஸ் ஓட்டினேன்.
இடது கையால் ஒரு விசை,
உஸ்ஸென்று காற்று இறங்கும், கதவு திறக்கும்,
குளிரும் சனமும் ஏறும்.
இன்னொரு விசை, மூடும்.
திறந்து மூடுவதை யாராவது எண்ணுவார்களா?

பிறகு புற்று.
"முழுக்க எடுத்தாச்சு" என்றார் டொக்டர்.
முழுக்கத்தான்.
கூடவே கதவுக்காரனும் போய்விட்டான்.

இருமினால் ஒரு கரண்டி.
தும்மினால் அரைக் கோப்பை.
பனி வழிக்கக் குனிந்தால் கணக்கே இல்லை.
ஜனவரியில் காரிலிருந்து வாசலுக்கு இருபது அடி;
போய்ச் சேர்வதற்குள்
தொடையோடு கால்சட்டை
பொரித்த அப்பளமாய் விறைத்துவிடும்.

வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகுமாம்.
எனக்கு வாய் விட்டால்
வேறொன்று விட்டுப் போனது.
குணநாயகத்தின் மகளின் கலியாணத்தில்
மண்டபமே குலுங்கிச் சிரித்த கதைக்கு
கல்லுப் போல இருந்தேன்.
"பென்சன் வந்ததும் ஆளுக்குத் தலைக்கனம்" என்றார்கள்.
சரி என்று விட்டுவிட்டேன்.
தலைக்கனம் மரியாதையான வருத்தம்.

கிழமைக்கு இரண்டு பொதி பாட்ஸ்.
மருந்துக்கடைக் காசுமேசையில் ஒரு தமிழ்ப் பெட்டை,
பெயர்ப் பட்டியில் ஆரபி.
பொதிகளின் மேல் மறைப்பாக
ஒரு பூங்கொத்தைக் கிடத்துவேன்.
பெரும்பாலும் கார்னேஷன், அதுதான் மலிவு, அகலம்.
வீட்டில் நேசவதிக்குச் சந்தேகம்:
"கலியாணம் கட்டின புதிதிலேயே ஒரு பூ வாங்கித் தராத மனுசன்..."
பதில் சொல்லவில்லை.
சாடிகள் போதாமல்
ஊறுகாய்ப் போத்தல்களிலும் பூ நின்றது.

நாலாவது வருடம்தான்
இதற்கும் ஒரு வைத்தியம் இருக்கென்று
வாய் திறந்து கேட்டேன்.

டொக்டர் படம் கீறிக் காட்டினார்.
குழாயைச் சுற்றி ஒரு வளையம்,
வயிற்றுக்குள் ஒரு பலூன்,
விதைப்பையில் பாக்கு அளவில் ஒரு பம்பு.
நேசவதி மெல்லக் கேட்டாள்:
"வெத்திலையும் வைப்பினமோ?"
அன்றைக்கும் நனைந்தேன்.

ஒக்டோபரில் வெட்டித் தைத்தார்கள்.
ஆறு கிழமை அதைத் தொடக்கூடாது.
கதவு போட்டாயிற்று,
ஆனால் திறந்தபடியே கட்டி வைத்திருந்தது.
இன்னும் பன்னிரண்டு பூங்கொத்துகளுக்கான காலம்
என்று நினைத்தேன்; ஒன்பதுதான் ஆனது.

தாதி மரிசெல் கையுறை போட்டாள்.
"தேடிப் பிடியுங்கள். அமுக்குங்கள். விடுங்கள்."
என் உடம்பில் எனக்குத் தெரியாத ஒரு பொருளை
அவள்தான் எனக்கு அறிமுகம் செய்தாள்.
பிறகு, "இப்போது இருமுங்கள்."
இருமினேன்.
ஒன்றுமில்லை.
அவள் கேட்காமலே இன்னொரு முறை இருமினேன்.
அதற்கும் மேலே ஒருமுறை, சும்மா.

அந்தச் சனிக்கிழமை கடைக்குப் போனேன்.
மஞ்சளாய் ஒரு கொத்து எடுத்தேன்.
ஆரபி நிமிர்ந்து பார்த்தாள்,
"இண்டைக்குப் பூ மட்டுமோ, அங்கிள்?"
முகம் மாறாமல்.
நாலு வருடமும் அவளுக்குத் தெரிந்தேயிருந்தது.
மீதிக் காசை வாங்க மறந்து வந்துவிட்டேன்.

முழுக்கக் காய்ந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.
அரிசி மூட்டை தூக்கினால் ஒரு சொட்டு.
சைக்கிள் ஓடக்கூடாதாம்.
மயங்கி விழுந்தால்
யாரும் அவசரத்தில் குழாய் செருகிவிடாதபடி
பேர்சுக்குள் ஒரு அட்டை.
ஹொக்கி இடைவேளையில் ஆண்களின் வரிசையில் நிற்கிறேன்,
அமுக்குகிறேன், போகிறது,
இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே மூடிக்கொள்கிறது.
என் பஸ்ஸில் அந்த வசதி இருக்கவில்லை.

வெளிக்கிடும்போது நேசவதி
வாசலில் நின்று வழமைபோல் கேட்பாள்,
திறப்பு எடுத்தாச்சோ, அடுப்பு நூர்த்தாச்சோ.
இப்போது மூன்றாவதாக ஒன்று:
"பாக்கு?"
ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் மேசுமாக
சுவரைப் பிடித்துக்கொண்டு
சிரிக்கிறேன்.