புள்ளிக் கணக்கு

செக்காலை ரோடு, மாடி அறை, இரவு பதினொன்றரை.
அப்டேட் முடிந்து எழுந்த லேப்டாப்பில்
டொய்ங் என்று ஓசை. முகம் மட்டும் இருட்டு.
விடிந்தால் சோலையப்ப செட்டியார் கேட்பார்:
‘நம்ம கோயிலுக்கு எத்தனை புள்ளி?’
இங்கே ஒரு புள்ளியும் எரியவில்லை.

செல்போன் டார்ச்சைக் கண்ணாடியோடு சாய்த்தேன்.
அடியாழத்தில் கடவுச்சொல் கட்டம்!
படம் சாகவில்லை,
பின்விளக்குதான் சொல்பேச்சுக் கேட்கவில்லை.

ஒரு கையில் டார்ச், ஒற்றை விரலில் தட்டச்சு.
லினக்ஸின் கோப்பு கோப்பாக இறங்கினால்
எப்போதோ விற்ற மானிட்டருக்கு ஒரு வரி,
மேலே குறிப்பு:
‘தற்காலிகம். நாளை எடுத்துவிடு.’
எழுதியவன் நான். மூன்று வருஷம் முந்தி.

வரியின் தலையில் ஒரு ஹாஷ் வைத்து
மறுபடி எழுப்பினேன்.

பளீரென்று அத்தனை புள்ளியும்.
முதல் ஆளாய் வந்து உட்கார்ந்தது
கணக்கில் சேராத
ஒரு கொசு.