அடுப்பேறாத முட்டை

எஃகுக் குடுவையின் மூடியை இறுக்க
என் முழு எடையும் வேண்டும்,
நாற்பத்தேழு கிலோ.
போதாத இரவுகளில் வாட்ச்மேன் சேவுகப்பெருமாள்
பீடியைச் சுவரோரம் வைத்துவிட்டு வந்து
ஸ்பேனரில் தொங்குவார்.

பிறகு கைப்பிடியைச் சுற்றச் சுற்ற
ஐந்நூறு, ஆயிரத்து எண்ணூறு,
மூவாயிரம் வளிமண்டலம்.
எந்தக் கடலும் இவ்வளவு ஆழம் போனதில்லை.
நாகமலைக்கு இந்தப் பக்கமோ
மூன்று நாளாகக் குழாயில் காற்றுதான் வருகிறது.

குடுவைக்கு ஒரு சன்னல் உண்டு.
நீலக்கல்லில் செய்தது, நீலமே இல்லாதது.
அதற்குப் பின்னால் ஒரு சொட்டு நீர்,
சொட்டுக்குள்
பார்வைக்குச் சிக்காமல்
மடிந்து மடிந்து கிடக்கிறது புரதம்.

சூடு கொடுத்தால் உதறிக்கொண்டு அவிழும்,
எதிர்சேவை முடிந்த தல்லாகுளம்போல.
அழுத்தம் யாரையும் உதறுவதில்லை.
மடிப்புகளுக்கு நடுவே
தண்ணீரையே பிடிக்காத எண்ணெய் மூலைகள் இருக்கின்றன,
ஓரணு நுழையும் அளவு காலியாக.
அங்கே தண்ணீரை அனுப்புகிறது.
ஒரு மூலக்கூறு.
பின்னால் இன்னொன்று.
அட்வான்ஸ் தராமல் குடிவருகிறவர்கள்.
கணக்கு இவ்வளவுதான்:
எந்த நிலைக்கு இடம் குறைவாகப் போதுமோ
அழுத்தம் அந்தப் பக்கம்.

உள்ளே ஒளிந்திருந்த டிரிப்டோபன் நனைந்ததும்
அதன் ஒளி சிவப்புப் பக்கம் சாய்கிறது.
திரையில் ஒரு மேடு
இருபது நானோமீட்டர் தள்ளிப் போகிறது.
நாலு வருடமாக இதைத்தான் பார்க்கிறேன்.
திருமங்கலத்திலிருந்து அம்மா போனில் கேட்பாள்,
‘இன்னும் நகருதா?’
நகருதும்மா.

பஸ் ஸ்டாப்பில் தோசைக்கடை போட்டிருக்கும் ஒச்சப்பனிடம்
ஒரு முட்டை மட்டும் கேட்டேன், பச்சையாக.
‘அப்படி என்னதான் செய்றீங்க உள்ள?’
பிரஷர் குடுக்குறோம்ணே.
‘எனக்கே இருக்கு.
பெரியாஸ்பத்திரில மாசாமாசம் மாத்திரை.’

வெள்ளைக்கருவை மட்டும் பையிலிட்டு ஒட்டி
பக்கத்து ஆய்வகத்தின் பெரிய குடுவையில்
ஆறாயிரத்துக்கு ஏற்றினோம், அரை மணி நேரம்.
தீக்குச்சி கிழிக்கவில்லை.
வெளியே எடுத்தபோது
வெளுத்து, உறைந்து, கைக்குக் குளிர்ந்து
வழுவழுவென்று இருந்தது.

ஒச்சப்பன் விரலால் அமுக்கினார்.
தோசைத் திருப்பியால் வெட்டினார்.
மூக்கருகே கொண்டுபோய்
கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.
‘வெந்திருக்கு.
ஆனா பச்ச வாசம் போகலையே.’

ஆய்வேட்டில் இரண்டு பத்தி எழுதி
நான் சொல்லாமல் விட்டது அது.

‘பிரஷர எறக்குனா பழையபடி ஆயிருமா?’
என்னோடது ஆகும்ணே, முட்டை ஆகாது.
‘ஏன்?’
என்னோடது தண்ணில தனித்தனியா கெடக்கு,
அவிழ்ந்தாலும் தானா மடிஞ்சுக்கும்.
முட்டைக்குள்ள ஒரே நெரிசல்.
அவிழ்ந்ததும் பக்கத்துல இருக்குறத பிடிச்சுக்கும்.
பிடிச்சா விடாது.

பெரியார் நிலையம் போகும் பஸ் வந்து
படிக்கட்டுக் கூட்டத்தோடு சாய்ந்தபடி கிளம்பியது.
அவர் அதைப் பார்க்கவில்லை.
நானும் எதையும் சுட்டிக்காட்டவில்லை.
உறைந்ததை அப்படியே கல்லில் போட்டு
மிளகு தூவினார்,
பாதி அவருக்கு, பாதி எனக்கு.

இரவு திரும்பி வந்து கைப்பிடியை எதிர்த்திசையில் சுற்றினேன்.
முள் மெல்ல இறங்கியது.
தண்ணீர் காலி செய்துகொண்டு கிளம்ப,
மூலைகள் மூட,
திரையின் மேடு வந்த வழியே திரும்பியது.
முழுக்க இல்லை.
பழைய இடத்துக்கு இரண்டு நானோமீட்டர் முன்னால்
நின்றுவிட்டது.

கருவிப் பிழை என்பார் வழிகாட்டி.
இருக்கலாம்.
சன்னலுக்கு வெளியே நாகமலை
எங்கும் மடியாமல் நீளமாகப் படுத்திருக்கிறது.
தேதி போட்டு எழுதிவைத்தேன்:
மூவாயிரம் வரை ஏற்றம்,
இறக்கம்,
மீதம் இரண்டு.